நீட்டில் 310-லேயே நிற்கிறேன், அடுத்த மே மாதத்துக்குள் எப்படித் திட்டம் போட்டுப் படிப்பது?

அரூர்_மாணவி:
அக்கா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. இந்த முறை நீட்டில் 720-க்கு 310 வந்தது. உயிரியல் 190, வேதியியல் 70, இயற்பியல் 50. ஒரு கேள்வியைக்கூட விடாமல் 180-க்கும் விடை குறித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் இடம் வரவில்லை, அதனால் இன்னொரு முறை எழுதப் போகிறேன். கோச்சிங் சேர வீட்டில் வசதி இல்லை, சீனியர் அக்கா ஒருவர் கொடுத்த பழைய வினாத்தாள்களும் சமச்சீர் புத்தகங்களும்தான் கையில் இருக்கின்றன. காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை மூன்று பாடத்துக்கும் சமமாக நேரம் பிரித்து டைம்டேபிள் எழுதினால் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது? தமிழிலேயே படித்தால் போதுமா, இல்லை ஆங்கிலத்தில் இருக்கும் என்சிஇஆர்டி (மத்திய பாடத்திட்டப்) புத்தகங்களுக்கு மாறணுமா?

இரண்டாம்_ஆண்டு_எம்பிபிஎஸ்:
தங்கச்சி, நானும் தமிழ் வழியில் படித்து 7.5-ல் வந்தவள்தான், அதனால் உன் மார்க்கைப் பார்த்ததுமே ஒரு கணக்குப் போட்டேன். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழியும். எல்லாவற்றுக்கும் விடை குறித்தேன் என்கிறாய், அப்படியென்றால் உயிரியலில் 90-க்கு 56 சரி, 34 தப்பு. ஒரு தப்பான விடை சரியாக மாறினால் ஏறுவது 4 இல்லை, 5 மதிப்பெண், ஏனென்றால் கழிந்த ஒன்றும் திரும்ப வந்துவிடும். அந்த 34-ல் 22-ஐ மட்டும் சரி செய்தாலே உயிரியல் 300-ஐத் தொடும், இயற்பியலையும் வேதியியலையும் தொடாமலே மொத்தம் 420 ஆகிவிடும். அதனால் நேரத்தைச் சமமாகப் பிரிக்காதே. முதல் இரண்டு மாதம் நாளின் பாதி உயிரியலுக்கு என்று வைத்துக்கொள், மீதியை மற்ற இரண்டுக்கும் பிரி.

அப்புறம் மணிக்கணக்கில் திட்டம் போடுவதை விட்டுவிடு. "இந்த வாரம் மனித உடற்செயலியலில் கழிவுநீக்கமும் சுவாசமும் முடிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் டெஸ்ட் எழுதுகிறேன்" என்று பாட அளவில் போடு. வீட்டில் விருந்தாளி வந்தாலும் ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் அது உடையாது, வாரத்துக்குள் ஈடுகட்டிவிடலாம்.

எனக்கு உண்மையில் மார்க் ஏற்றியது தப்பு நோட்டு. டெஸ்ட் எழுதும்போதே குருட்டாம்போக்கில் குறித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடு. திருத்தும்போது தப்பை மூன்றாகப் பிரித்து எழுது: பாடமே தெரியாதது, தெரிந்தும் இரண்டு ஆப்ஷனுக்கு நடுவே குழம்பியது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது. "பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது" என்று கேட்டிருப்பார்கள், நாம் முதல் கூற்று சரியாக இருக்கிறதே என்று அதையே குறித்துவிட்டு வருவோம். அப்படிப் போகிற மார்க் நீ நினைப்பதைவிட அதிகம். புள்ளி வைத்ததில் சரியாக வந்தவற்றையும் தெரியாதவையாகவே கணக்கில் எடு, அவை அடுத்த முறை கைகொடுக்காது.

இயற்பியல்_வாத்தியார்:
அம்மா, மேலே சொன்ன கணக்கு சரி, நான் என் பாடத்தை மட்டும் சொல்கிறேன். இயற்பியலில் 50 என்றால் 19 சரி, 26 தப்பு, அந்த 19-லும் சில அதிர்ஷ்டத்தில் வந்திருக்கும். நம் பிள்ளைகள் பலர் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டுக் கணக்கைப் போடாமல் விடைக்குறிப்பைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள், அங்கேதான் விஷயம் கெட்டுப்போகிறது. ஓர் உதாரணம்: ஒரு கம்பியை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை எத்தனை மடங்காகும்? பாதி வகுப்பு 2 என்று சொல்லும். பருமன் மாறாது, நீளம் இரட்டித்தால் குறுக்குப் பரப்பு பாதியாகும், ஆகவே 4 மடங்கு. சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், பரப்பும் மாறுகிறது என்பது கையால் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தோன்றும்.

குறைகடத்தி, அணுக்கரு, கதிர்வீச்சின் இருமைப் பண்பு, மின்னோட்டவியல் இந்த வரிசையில் தொடங்கு, சிறிய பாடங்கள், கணக்கும் நேரானது. சுழற்சி இயக்கத்தை முதலில் எடுத்து மனம் உடைந்து போகாதே. கால்குலேட்டர் கிடையாது, அதனால் பத்தின் அடுக்குகளையும் வர்க்கமூலங்களையும் தினமும் கொஞ்சம் கையால் போட்டுப் பழகு.

வேலூர்_ரிப்பீட்டர்:
அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உயிரியலுக்குப் பாதி நாள் கொடுத்தால் வேதியியலை எல்லோரும் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவிடுகிறார்கள், ஜனவரியில் கரிம வேதியியல் முழுசாக அப்படியே கிடக்கும். தினமும் ஒன்றரை மணி நேரமாவது வேதியியலுக்கு முதல் நாளிலிருந்தே போகட்டும்.

பழைய வினாத்தாள் விஷயத்தில் கவனம். 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை கேட்டார்கள், 2021-ல் 180 நிமிடம், 2022 முதல் 200 நிமிடம். 2025-லிருந்து சாய்ஸ் இல்லை, 180 கேள்வி, 180 நிமிடம். 2021 முதல் 2024 வரையிலான தாள்களை எழுதும்போது சாய்ஸாகக் கூடுதலாக இருக்கும் 20 கேள்விகளை நீக்கிவிட்டு 3 மணி நேரம் வைத்து எழுதுங்கள். தேர்வு மதியம் 2 முதல் 5 வரை, சாப்பிட்டதும் தூக்கம் வருகிற நேரம், ஆகவே முழுத் தேர்வைக் காலையில் எழுதிப் பழகுவதில் அர்த்தமே இல்லை. ஓஎம்ஆர் தாளைப் பிரிண்ட் எடுத்து வட்டத்தைக் கருப்பாக்கியே எழுதுங்கள், அதற்கே எவ்வளவு நேரம் போகிறது என்று அப்போதுதான் தெரியும்.

மார்க்கை முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டும் பயப்பட வேண்டாம். 2024-ல் பலர் 720 வாங்கினார்கள், 2025-ல் இயற்பியல் கடினமாக வந்து முதலிடமே 686. ரேங்க்தான் கணக்கு.

அரூர்_மாணவி:
ரொம்ப நன்றி. 34 தப்பு என்று கணக்காகப் பார்த்ததும் இதைச் சரி செய்துவிடலாம் என்று தோன்றுகிறது. மொழி விஷயம் மட்டும் சொல்லுங்கள்.

இரண்டாம்_ஆண்டு_எம்பிபிஎஸ்:
இந்த நேரத்தில் முழுசாக ஆங்கிலத்துக்கு மாறாதே. தமிழ் கேட்டு விண்ணப்பித்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி. அதனால் சமச்சீர் புத்தகத்தில் படி, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் என்சிஇஆர்டி-யில் அதே பாடத்தைத் திறந்து கலைச்சொற்களை மட்டும் தமிழுக்கு நேராக எழுதிவை, படங்களுக்குக் கீழே இருக்கும் வரிகளையும் அட்டவணைகளையும் விடாதே. அந்தப் புத்தகங்கள் என்சிஇஆர்டி தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கழிவுநீக்கத்திலிருந்து ஆரம்பி, ஞாயிறு டெஸ்ட் முடிந்ததும் தப்பு நோட்டுப் பக்கத்தை இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.