'உறை' வேண்டாம், 'முகட்டோட்டம்' எப்படி?

ஐயா, வணக்கம்.

காது கேளாதவர்களுக்கு உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி பற்றிய ஆய்வுகளில் வரும் 'என்வலப்' (ஒலியின் மேல்வடிவம்) என்ற சொல்லுக்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'உறை' எனக்குச் சரியாகப் படவில்லை. உறை என்றால் உள்ளே ஒன்றை வைத்து மூடுவது. இங்கே உள்ளே இருக்கும் வேகமான அதிர்வை விட்டுவிட்டு மேல்வடிவத்தை மட்டும் எடுக்கிறார்கள். கருவி ஒலியைப் பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் சத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத்தான் பெரும்பாலும் 12 முதல் 22 மின்முனைகள் வழியாக நரம்புக்கு அனுப்புகிறது. இயல்பான காதில் அந்த வேலைக்கு ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச் செல்கள் இருக்கின்றன. இவ்வளவு குறைவாகக் கொடுத்தும் பேச்சு புரிகிறது. 1995இல் ஆய்வாளர் ராபர்ட் ஷானன் குழுவினர் பேச்சை நாலே பட்டைகளாக்கி, உள் அதிர்வுக்குப் பதில் வெறும் இரைச்சலை நிரப்பி, காது நன்றாகக் கேட்பவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், அவர்களுக்குப் பெரும்பகுதி புரிந்தது.

இங்கே பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் என் அக்கா மகன் இம்பிளான்ட் வைத்திருக்கிறான். 'படம்', 'பாடம்' இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவான், நெடில் குறில் அந்த மேல்வடிவத்திலேயே இருக்கிறதே. ஆனால் அக்கா அடுப்படியிலிருந்து 'சாப்பிட்டாச்சு?' என்று குரலை மட்டும் தூக்கிக் கேட்டால் பதில் வராது, அவள் சாப்பிட்டு முடித்ததைச் சொல்கிறாள் என்று இருந்துவிடுவான். 'சாப்பிட்டாச்சா' என்று ஆகாரம் போட்டால் உடனே 'ஆச்சும்மா'. கோயிலில் செண்டை அடித்தால் தாளம் தப்பாமல் தொடையில் தட்டுவான், நாதஸ்வரம் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவான். குரலின் ஏற்ற இறக்கமும் ராகமும் உள் அதிர்வில் இருப்பவை, அதைத்தான் கருவி சரியாகக் கொடுப்பதில்லை.

தூரத்து மலையில் மரம் தெரியாமல் முகடு மட்டும் தெரிவது போலத்தான் இதுவும். அதனால் முதலில் 'முகட்டுவரை' என்று யோசித்தேன், அது 'முகடு எட்டும்வரை' என்ற பொருளில் படிக்கப்படும். 'முகட்டுக்கோடு' வைத்தால் இரண்டாம் வேற்றுமையில் 'முகட்டுக்கோட்டை' ஆகிவிடுகிறது! 'முகட்டோட்டம்' என்றால் இந்தச் சிக்கல் இல்லை, நேரத்தோடு ஓடுவது என்ற பொருளும் கூடவே வருகிறது. உள்ளே இருக்கும் அதிர்வுக்கு (ஆங்கிலத்தில் 'ஃபைன் ஸ்ட்ரக்சர்') 'நுண்கட்டமைப்பு' என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார், கட்டடம் மாதிரி இருக்கிறது, 'நுண்ணதிர்வு' போதும்.

'பட்டைதோறும் முகட்டோட்டத்தைப் பிரித்தெடுத்து நுண்ணதிர்வை விட்டுவிடுகிறது' என்று எழுதினால் உங்களுக்கு இடறுகிறதா, அப்புறம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியுமா, சொல்லுங்கள்.