புதுப்பிப்பு: எங்க படிப்பகம் தப்பிச்சிடுச்சு

முந்தாநாள் ராத்திரி, "ராயபுரத்துல எங்க தெரு பழைய படிப்பகத்துல தீ"ன்னு பதறிப்போய் போட்டிருந்தேன். கட்டடம் நிக்குதுங்க. பின்பக்க ரூம்ல ரெண்டு பீரோ, கொஞ்சம் பேப்பர் கட்டு, அவ்வளவுதான் போச்சு.

தீயணைப்பு வண்டி சந்துக்குள்ள நுழையல. வீரர்கள் ஹோஸைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்தாங்க. இது மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு விட்டத்து மேல செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து போட்டது. வெளியே தீ அணைஞ்சாலும் மரத்துக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கும். அதான் ஒரு அண்ணன் ஏணியில நின்னு, கையுறையைக் கழட்டிட்டு, ஒவ்வொரு விட்டமா புறங்கையை வச்சுப் பார்த்தார். சூடா இருந்த மூணுல மட்டும் மறுபடி தண்ணி. கண்டபடி பீய்ச்சியிருந்தா சாந்து ஊறி, பாரம் தாங்காம கூரையே இறங்கியிருக்கும்.

1985ல, பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் எரிஞ்சதைப் பார்த்தவர் எங்க தாத்தா. விடியற வரைக்கும் எதிர்வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திருக்கல.

காலையில டீயும் பட்டர் பிஸ்கட்டும் நீட்டினோம். டீ மட்டும் வாங்கிக்கிட்டாங்க. "மொதல்ல வயரிங்கை மாத்துங்க சார்"னு திட்டிட்டுத்தான் கிளம்பினாங்க. நியாயம்தான், எத்தனை வருஷமா தள்ளிப்போட்டோம்!

நனைஞ்ச புத்தகங்களை நிழல்ல, ஃபேன் காத்துல விரிச்சு வச்சிருக்கோம். கை கொடுக்க வர்றவங்க சாயங்காலம் 4 மணிக்கு மேல வாங்க.