மிஷனரி பிள்ளைகள் வகுப்பில் சாட்சி சொல்லலாமா?

பணித்தளத்து அம்மா:
என் மகளுக்கு 9 வயது. ஊழியத்துக்காக நாங்கள் வந்திருக்கும் நாட்டில் கிறிஸ்தவர்கள் ரொம்பக் குறைவு. அவள் உள்ளூர்ப் பள்ளியில்தான் படிக்கிறாள். போன வாரம் அவளுடைய தோழியின் பாட்டி இறந்துபோனார். வகுப்பில் அழுதுகொண்டிருந்த அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உனக்காக நான் இயேசுவிடம் ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். கண்ணை மூடி ஜெபமும் பண்ணிவிட்டாள். ஆசிரியை எங்களை வரச்சொல்லி, பள்ளிக்குள் இதெல்லாம் வேண்டாமே என்று தன்மையாகத்தான் சொன்னார்.

"இனிமேல் வகுப்பில் ஜெபம் பண்ணாதே என்று சொல்லிவிடுவோம்" என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. அதே சமயம் பயமாகவும் இருக்கிறது. உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்? விசுவாசம் இல்லாதவர்களும் தாராளமாகச் சொல்லலாம்.

ஞாயிறுபள்ளி அக்கா:
சகோதரி, உங்கள் மகள் செய்ததில் தப்பு எங்கே இருக்கிறது? 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீரியப் படை சிறைபிடித்துக்கொண்டு போன ஒரு சின்னப் பெண் சீரியப் படைத்தலைவன் நாகமானின் மனைவிக்கு வேலை செய்கிறாள். அவள் பெயர்கூட எழுதப்படவில்லை. எஜமானுக்குக் குஷ்டம். சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், அவரிடம் போனால் சுகமாகும் என்று சொன்னது அந்தப் பெண்தான். அந்நிய தேசம், அடிமை வேலை, வாயைத் திறக்கவே பயப்படவேண்டிய வீடு. அவள் பேசாமல் இருந்திருந்தால் நாகமான், தான் முழுகிச் சுகமான யோர்தான் நதியின் பக்கமே போயிருக்கமாட்டான்.

பிள்ளைகளைப் "பேசாதே, பேசாதே" என்று அடக்கிப் பழக்கினால் தங்கள் விசுவாசம் ஏதோ மறைத்து வைக்கவேண்டிய விஷயம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். வீட்டில் ஒரு முகம், வெளியே ஒரு முகம் என்று ஆகிவிடும். அப்புறம் 15 வயதில் ஆராதனைக்கே வரமாட்டேன் என்று நின்றால் யாரைக் குறை சொல்வது?

தோல்பைப் பயணி:
நான் மிஷனரி வீட்டில், வெளிநாட்டில் வளர்ந்தவன். இன்றைக்கும் விசுவாசிதான். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா, அந்தச் சிறுமி சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லும்படி யாரும் அவளைப் பழக்கவில்லை. சொன்னாயா என்று ராத்திரி யாரும் விசாரிக்கவும் இல்லை. எங்கள் வீட்டில் விசாரிப்பார்கள். குடும்ப ஜெபத்தில், "இன்றைக்கு யாரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினாய்?" என்று அப்பா கேட்பார். யாரிடமும் பேசவில்லை என்றால் திட்டமாட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருப்பார், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்குப் பயந்தே மறுநாள் பள்ளியில் ஆள் தேடுவேன்.

எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். பந்து விளையாட வருவான், அப்படியே எங்கள் வீட்டு ஞாயிறு கூடுகைக்கும் வர ஆரம்பித்தான். ஊழியத்துக்குக் காணிக்கை அனுப்பித் தாங்குகிறவர்களுக்கு அப்பா அம்மா எழுதும் ஜெபக்கடிதத்தில், அடுத்த முறை நாங்கள் இரண்டு பேரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம் வந்தது. கீழே "இந்த மகனுடைய இரட்சிப்புக்காக ஜெபியுங்கள்" என்று எழுதியிருந்தது. ஜெராக்ஸ் எடுத்த படம்தான், ஆனாலும் அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. மேஜைமேல் கிடந்ததை அவனே எடுத்துப் பார்த்தான். எழுத்துதான் அவனுக்குப் படிக்கத் தெரியாது. "என் படம் எதற்கு இதில்?" என்று கேட்டான். என்ன சொல்வது? அதற்கப்புறமும் விளையாட வந்தான். வீட்டுக்குள் மட்டும் வரவில்லை.

சகோதரி, உங்கள் மகள் செய்தது நல்ல காரியம். தயவுசெய்து அதை ஜெபக்கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

பக்கத்துப் பெஞ்சின் அப்பா:
நான் கிறிஸ்தவன் இல்லை. எல்லாரும் சொல்லலாம் என்று நீங்களே சொன்னதால் எழுதுகிறேன்.

என் மகள் 7 வயதில் ஒரு வெளிநாட்டு மிஷனரி குடும்பத்துப் பையனோடு படித்தாள். நல்ல பையன், எங்கள் வீட்டுக்கெல்லாம் வந்திருக்கிறான். ஒருநாள் ராத்திரி இவள் தூங்காமல் புரண்டுகொண்டே இருந்தாள். என்னம்மா என்று கேட்டால், "அப்பா, நீயும் அம்மாவும் நரகத்துக்குத்தான் போவீங்களா?" என்கிறாள். அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டான். சிநேகிதியைக் காப்பாற்றவேண்டும் என்ற பதற்றத்தில்தான் சொல்லியிருப்பான். எனக்கு அது புரிகிறது.

ஆனால் ஒரு பெரியவர் வந்து சொல்லியிருந்தால் வாசலிலேயே பதில் பேசி அனுப்பியிருப்பேன். 7 வயதுப் பையனிடம் நான் என்ன வாதாடுவது? பெற்றோர் நுழைய முடியாத இடத்தில் அவர்கள் பிள்ளை நுழைந்துவிடுகிறது, எங்களால் தடுக்கவும் முடிவதில்லை. மிஷன் வட்டாரங்களில் 4 முதல் 14 வயது வரை ஒரு 'ஜன்னல்' என்று சொல்வதைப் பிறகு படித்தேன். அந்த வயதில்தான் மனசு எளிதில் திறக்குமாம். எங்கள் பிள்ளைகளின் மனசைப் பற்றிய பேச்சு இது. அதைப் படிக்கும் தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உரிமைப் பேச்சு:
ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்தப் பையனுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவு சிந்தனை, மனசாட்சி, மதம் ஆகியவற்றில் குழந்தைக்கே சுதந்திரம் தருகிறது. 13-ஆம் பிரிவு கருத்துச் சொல்லும் உரிமை. அமெரிக்காவைத் தவிர ஐ.நா.வின் உறுப்பு நாடுகள் எல்லாமே இதை ஏற்றிருக்கின்றன. மதம் என்பது பெரியவர்கள் சமாச்சாரம், குழந்தை வாயை மூடு என்று சொல்ல முடியாது. பணித்தளத்து அம்மாவின் மகள் தோழியை மிரட்டவில்லை. அனுமதி கேட்டாள், அப்புறம்தான் ஜெபித்தாள். பெரியவர்களில் பாதிப் பேர் இந்த அளவுக்குக்கூட நாகரிகமாக நடந்துகொள்வதில்லை.

பக்கத்துப் பெஞ்சின் அப்பா:
அதே 14-ஆம் பிரிவில் அடுத்த வரியையும் படியுங்கள். பிள்ளையின் வளரும் பக்குவத்துக்கு ஏற்ப வழிகாட்டப் பெற்றோருக்கு உரிமையும் கடமையும் உண்டு என்று இருக்கிறது. நானும் பெற்றோர்தானே?

உரிமைப் பேச்சு:
உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமையை வைத்து உங்கள் மகளுக்குத்தான் வழிகாட்டலாம், பக்கத்துப் பெஞ்சுப் பையனின் வாயைக் கட்ட முடியாது. தீபாவளியோ ரம்ஜானோ கிறிஸ்துமஸோ, தன் வீட்டு நம்பிக்கையைப் பற்றிப் பிள்ளைகள் பேசத்தான் செய்வார்கள்.

எல்லைக்கோடு:
இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு விசா வேலைகளில் உதவுகிறவன் நான். உரிமை ஒப்பந்தம் ஒருபக்கம் இருக்கட்டும், நடப்பு வேறு. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-ஆம் பிரிவு, மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் வெளியேற்றம். மொராக்கோவின் தண்டனைச் சட்டம் 220-ஆம் பிரிவில், பள்ளி, மருத்துவமனை, ஆதரவற்றோர் இல்லம் போன்றவற்றைப் பயன்படுத்தி ஒரு முஸ்லிமின் நம்பிக்கையை அசைப்பது குற்றம்.

2010 மார்ச்சில் என்ன நடந்தது என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். மொராக்கோவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திய வெளிநாட்டுக் கிறிஸ்தவத் தம்பதிகளை அரசு வெளியேற்றியது. மதம் மாற்றினோம் என்பதை அவர்கள் மறுத்தார்கள். ஆனாலும் சொந்தப் பிள்ளைகளாக வளர்த்த 33 பேரை விட்டுவிட்டுத்தான் கிளம்பவேண்டியிருந்தது. நாம் விமானம் ஏறிவிடுவோம். உள்ளூர் விசுவாசிகளும் அந்தப் பிள்ளைகளும் அங்கேயே இருப்பார்கள். வகுப்பறையில் ஒரு 9 வயதுப் பிள்ளை சொல்வது இதற்கெல்லாம் ஆரம்பமாகிவிடலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

ஞாயிறுபள்ளி அக்கா:
சட்டத்துக்குப் பயந்திருந்தால் பேதுருவும் யோவானும் அன்றைக்கே வாயை மூடியிருப்பார்கள். அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரம், இயேசுவைப் பற்றிப் பேசக்கூடாது என்று அதிகாரிகள் அவர்களைத் தடுத்த இடம். தேவனுக்குச் செவிகொடுப்பதைவிட உங்களுக்குச் செவிகொடுப்பது நியாயமா என்றுதானே கேட்டார்கள்?

தோல்பைப் பயணி:
அக்கா, அவர்கள் வளர்ந்த ஆண்கள். என்ன வரும் என்று தெரிந்து, தாங்களே சிறைக்குப் போனார்கள். இங்கே பேசுவது பிள்ளை, விலை கொடுப்பது இன்னொருவர். இரண்டும் ஒன்றா?

பழைய ஏடு:
வரலாறு கற்பிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தப் பிரச்சினை இப்போது இவ்வளவு எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான மிஷன்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கவே இல்லை. விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சீன உள்நாட்டு மிஷன் 1881-இல் சீஃபூவில் தொடங்கிய பள்ளி அப்படிப்பட்டது. பிள்ளைகள் பெற்றோரை மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் பார்க்காமலே வளர்ந்தார்கள். அந்தப் பிரிவின் காயம் தெரிந்த பிறகுதான் குடும்பமாகச் சேர்ந்திருப்பதும் உள்ளூர்ப் பள்ளியும் பரவலாயின. அது நல்ல மாற்றம். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும்.

எரிக் லிடலைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். 1902-இல் தியான்ஜினில் மிஷனரி வீட்டில் பிறந்தவர், 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம், அடுத்த வருடமே சீனாவுக்குத் திரும்பி ஆசிரியரானார், 1945-இல் சீனாவில் ஜப்பானியரின் வெய்சியன் தடுப்பு முகாமில் இறந்தார். ஆனால் அவர் சின்ன வயதிலேயே இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் விடப்பட்டவர். சீனாவுக்குப் போனது அவர் வளர்ந்தபின் எடுத்த முடிவு. நாவலாசிரியை பேர்ல் பக் இதற்கு நேர்மாறு, அவரும் மிஷனரி மகள். சீனாவிலேயே, சீனப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். வளர்ந்து மிஷன் வேலையில் இருந்துகொண்டே 1932-இல் மிஷனரிகளைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார், மறு வருடம் விலகினார். வேலூரில் மருத்துவமனை கட்டிய ஐடா ஸ்கடரும் மிஷனரி மகள்தான். இளவயதில் மிஷனரியாகவே ஆகமாட்டேன் என்று இருந்தவர். பிள்ளையாக இருந்தபோது என்ன பேசினார்கள் என்பதை வைத்து இந்த மூவரில் யாரையும் நீங்கள் கணித்திருக்க முடியாது.

ஞாயிறுபள்ளி அக்கா:
ஐயா, அப்படியென்றால் பிள்ளைப் பருவம் கணக்கிலேயே வராதா? எங்கள் ஞாயிறு பள்ளியில் 8 வயதுப் பையன் ஒருவன் தானாகவே எழுந்து, தன் தம்பிக்குக் காய்ச்சல், எல்லாரும் ஜெபிக்கவேண்டும் என்றான். அவன் குரலில் இருந்த உண்மையைப் பெரியவர்களின் சாட்சியில்கூட நான் கேட்டதில்லை. அது அவனுடைய விசுவாசம். அப்பா அம்மாவிடம் கடன் வாங்கியது என்று தள்ளிவிடாதீர்கள்.

தோல்பைப் பயணி:
அதைத் தள்ளவே இல்லை அக்கா. அது உண்மை என்பதால்தான் அதை ஊழிய அறிக்கையில் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். தாங்குகிறவர்கள் காணிக்கை அனுப்புகிறார்கள், அவர்களுக்கு ஏதாவது காட்டவேண்டியிருக்கிறது. பெரியவர்களிடம் பலன் தெரிய வருடங்கள் ஆகும். பிள்ளைகளோ சீக்கிரம் சிநேகம் பிடிக்கிறார்கள், மொழியையும் நமக்கு முந்தியே கற்றுக்கொள்கிறார்கள். அதனால் கண் முதலில் அவர்கள்மேல்தான் போகிறது. எந்தப் பெற்றோரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் தன்னுடைய நட்பு அம்மா அப்பாவின் வேலைக்குப் பயன்படுகிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் எந்த நட்பிலும் நிம்மதியாக இருக்க முடியாது. 1 பேதுரு 3:15 கேட்கிறவர்களுக்கு, அதுவும் சாந்தத்தோடு, பதில் சொல்லத்தான் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அது போதும்.

பணித்தளத்து அம்மா:
எல்லாவற்றையும் நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தோம். மகளிடமும் பேசினோம். "ஜெபம் பண்ணக்கூடாதுன்னா, அவ அழுதா நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். பண்ணக்கூடாது என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. கண்ணை மூடி, சத்தமாக, வகுப்புக்கு நடுவில் வேண்டாம், ஆசிரியைக்கு மரியாதை கொடுக்கவேண்டும் என்று சொன்னோம். மனசுக்குள் யாருக்காகவும் எப்போது வேண்டுமானாலும் ஜெபிக்கலாம். யாராவது கேட்டால் தெரிந்ததைச் சொல்லலாம். தெரியாததை அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம்.

அந்தத் தோழியின் அம்மாவை நான் நேரில் போய்ப் பார்த்து, துக்கம் விசாரித்து, மகள் ஜெபித்ததையும் சொல்லப்போகிறேன். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதற்குக் கட்டுப்படுவோம். ஜெபக்கடிதம் எழுதுவது நான்தான். இது அதில் வராது.

பக்கத்துப் பெஞ்சின் அப்பா:
அந்தப் பையனின் வீட்டிலிருந்து ஒருவர் இப்படி வந்து பேசியிருந்தால் நான் இங்கே இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன் அம்மா. என் மகள் 16 வயதில் வந்து கிறிஸ்தவத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும் என்றால் புத்தகம் நானே வாங்கித் தருவேன். 7 வயதில் விடமாட்டேன்.

ஞாயிறுபள்ளி அக்கா:
பெற்றோர் வேண்டாம் என்றால் பிள்ளைகள் தங்களுக்குள்கூடப் பேசக்கூடாது என்பதை என்னால் ஏற்கமுடியாது. 16 வயது வரை காத்திரு என்று எந்த வசனத்தை வைத்து நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்? ஆனால் ஐயா, உங்கள் மகள் தூங்காமல் புரண்டதை வாசித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நரகத்தைப் பற்றிய பேச்சைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவது தப்பு. எங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாடத்தில் 3-ஆம் நாள் அது இருக்கிறது. மற்ற ஆசிரியர்களிடம் பேசி அதை எடுக்கச் சொல்லப்போகிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை.