சைக்கிளைக் கேட்டால் சுற்றுச்சூழலைச் சொல்லாதீர்கள்

அக்காவின் மகள் கனடாவுக்கு, டொரன்டோவில் இருக்கிற ஸ்காபரோவுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. நான் அங்கே பன்னிரண்டு வருடம் இருந்தவன், இப்போது லீவில் வந்து திருகோணமலை உவர்மலையில் அக்கா வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு இரவு ஒன்பது என்றால் எங்களுக்கு மறுநாள் காலை ஆறரை. அந்த நேரம் பார்த்து வீடியோ கோல் எடுப்பாள். போன மாதம் எடுத்தபோது முகம் வாடியிருந்தது. ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலச் சோதனையின் முடிவு வந்திருக்கிறது: கேட்டல் 8, வாசிப்பு 7.5, எழுத்து 7, பேச்சு 6. கனடாவில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு, அவர்களுடைய மொழி அளவுகோலான சிஎல்பியில் 9 காட்ட வேண்டுமானால் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். பேச்சு ஒன்றுதான் காலை வாரிவிட்டது.

"என்ன கேட்டவை?" என்றேன்.

"சின்ன வயசில சைக்கிள் வைச்சிருந்தீங்களா எண்டு கேட்டவ மாமா."

"நீ என்ன சொன்னாய்?"

"சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லது, புகை வராது, உடம்புக்கும் பயிற்சி எண்டு சொன்னன்."

அக்கா குசினிக்குள் இருந்தே சிரித்துவிட்டாள். கேட்டது இவளுடைய சைக்கிளை. இவள் ஒப்புவித்தது பள்ளிக்கூடக் கட்டுரையை. இது இவளுடைய பிழை மட்டும் இல்லை. புதிதாக வந்த நம்மவர்கள் பலர் இதைத்தான் செய்கிறோம். ஆங்கிலம் என்றாலே கட்டுரை என்றுதானே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

பேச்சுச் சோதனை மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் 4-5 நிமிடம் உங்களைப் பற்றி: வீடு, வேலை, ஊர், சின்ன வயது. அடுத்து ஒரு அட்டை தருவார்கள், 1 நிமிடம் யோசித்து 2 நிமிடம் வரை பேச வேண்டும். கடைசி 4-5 நிமிடம்தான் பொதுவான விஷயங்கள். புகை, போக்குவரத்து நெரிசல் எல்லாவற்றுக்கும் இடம் அங்கே இருக்கிறது, முதல் கேள்வியில் இல்லை. புள்ளி நான்கு விஷயத்துக்குச் சமமாகப் பிரிகிறது: தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. கருத்து எவ்வளவு உயர்ந்தது என்பதற்குத் தனிப் புள்ளி கிடையாது. பாடமாக்கிய பதிலையோ அவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

சரி, அடுத்த நாள் காலை போனைத் திருப்பி, கிணற்றடியில் சாத்தியிருந்த அவளுடைய பழைய லுமாலா சைக்கிளைக் காட்டினேன். செயின் துருப்பிடித்து, முன் சில்லில் காத்து இல்லாமல் நின்றது. "இதை இங்கிலீஷில சொல்லு பார்ப்பம்." சுற்றுச்சூழலை நன்றாக விளக்கியவளுக்கு இந்தச் சைக்கிளை விளக்க வரவில்லை! ஹாண்டில் என்றாள், அங்கே 'ஹாண்டில்பார்ஸ்'. கரியர் என்றாள், கனடாவில் 'ராக்' என்றால் சட்டென்று விளங்கும். பஞ்சர் என்பது லண்டனில் சரி, டொரன்டோவில் 'ஃப்ளாட் டயர்' என்பார்கள். இன்னொன்று, நமக்கு பைக் என்றால் மோட்டார் சைக்கிள், அங்கே சும்மா 'பைக்' என்றால் மிதிக்கிற சைக்கிள்தான். நாம் சைக்கிள் என்று சொல்லிச் சொல்லிப் பழகியதால் 'பைசைக்கிள்' என்று வாயில் வந்துவிடும். அதை 'பைசிக்கிள்' என்றுதான் சொல்ல வேண்டும், அழுத்தம் முதல் எழுத்தில்.

ஆனால் பெயர்ச்சொல் பெரிய பிரச்சினை இல்லை, வினைச்சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். நாங்கள் சைக்கிளும் ஓடுவோம், காரும் ஓடுவோம், பஸ்ஸும் ஓடுவோம். அதனால் அவள் 'ஐ ட்ரோவ் மை சைக்கிள்' என்றாள். சைக்கிளுக்கு 'ரைட்', இறந்தகாலம் 'ரோட்'. வீதிக்குச் சொல்கிற 'ரோட்' போலவே ஒலிக்கும், கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

'பழகு' இன்னும் மோசம். சைக்கிள் பழகினேன் என்றால் கற்றுக்கொண்டேன், அது 'லேர்ன்ட்'. குளிருக்குப் பழகிவிட்டேன் என்றால் 'காட் யூஸ்ட் டு'. முன்பெல்லாம் செய்வேன், இப்போது இல்லை என்றால் வெறும் 'யூஸ்ட் டு'. 'ஐ யூஸ்ட் டு ரைட்' என்றால் அப்போது ஓடினேன். அதோடு ஒரு 'ஆம்' சேர்த்து 'ஐ ஆம் யூஸ்ட் டு ரைடிங்' என்றால் ஓடுவது எனக்குப் பழக்கமானது. இந்த ஒரு சொல்லில் கதை தலைகீழாக மாறிவிடும்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. "சின்ன வயதில் பின்னேரம் கடற்கரைக்குப் போவோம், ஐஸ்பழம் குடிப்போம்" என்று நாம் சொல்வோம். போவோம் என்பது எதிர்காலத்துக்கும் அதே வடிவம், ஆனால் இங்கே சொல்வது பழைய வழக்கத்தை. அதை அப்படியே மனதுக்குள் மாற்றினால் 'வீ வில் கோ' என்று வந்துவிடும். கேட்பவருக்கு நீங்கள் நாளைக்குப் போகப்போவதாகத்தான் படும். 'வில்' வருகிற இடத்தில் 'வுட்' போடுங்கள், 'வீ வுட் கோ', அவ்வளவுதான். அவள் பேசியதை ரெக்கோர்ட் பண்ணிக் கேட்டபோது ஒரே பதிலில் நான்கு 'வில்' இருந்தது. அதைத் திருத்தவே எங்களுக்கு ஒரு கிழமை போனது.

ஊர்ச் சொல்லும் சில சமயம் ஏமாற்றும். நான் சின்னவனாக இருந்தபோது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, 2009ல்தான் வந்தது. அதுவரை சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் பாதையில் ஏற்றித்தான் அக்கரைக்குப் போவோம். கிழக்கில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவை. இதை ஒருமுறை டொரன்டோவில் வேலையிடத்தில் 'பாத்' என்று சொல்லிவைத்தேன். தண்ணீருக்கு மேல் எப்படி ஒற்றையடிப் பாதை என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். 'ஃபெரி' என்று சொல்லியிருக்க வேண்டும். உருட்டினேன் என்பதற்கும் 'ரோல்' வேண்டாம், 'புஷ்ட்' போதும்.

அப்புறம் கேட்டேன், "நீ விழுந்ததில்லையா?" அப்போதுதான் மான் கதை வந்தது. கோணேசர் கோயிலில் இருந்து கோட்டைக்குள்ளால் இறங்கி வரும்போது புள்ளிமான் ஒன்று வீதிக்கு நடுவில் நின்றிருக்கிறது. விலத்தப்போய் விழுந்து முழங்கால் தோல் போனது. மான் அசையவில்லையாம், நின்று பார்த்ததாம். இதைச் சோதனையில் ஏன் சொல்லவில்லை என்றால், "இதெல்லாம் சொல்ற விஷயமா மாமா?" என்கிறாள். இதுதான் பிள்ளை சொல்கிற விஷயம்! சொந்தக் கதை என்றால் அடுத்த வசனத்தைத் தேட வேண்டியதில்லை, தானாக வரும். தடையில்லாமல் பேசுவதற்கு அதைவிட வழி எனக்குத் தெரியாது. இப்போது அவளுடைய பதில் மூன்றே வசனம்: ஓம், சிவப்பு லுமாலா ஒன்று இருந்தது; அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பழக்கினார்; ஒருநாள் மானுக்கு விலத்தி விழுந்தேன். மூன்றும் இறந்தகாலம். முதல் பகுதிக்கு இவ்வளவு போதும், அதற்குமேல் இழுத்தால் பரீட்சகரே இடையில் நிறுத்திவிடுவார்.

"இப்போது சைக்கிள் ஓடுகிறீர்களா?" என்றும் கேட்கக்கூடும். அதற்கு நிகழ்காலத்தில் உண்மையைச் சொல்லுங்கள்: பனிக்குப் பயம், இன்னும் வாங்கவில்லை. வாங்குகிறவர்களுக்கு இடையில் ஒரு சொல்: ஒன்டாரியோவில் 18 வயதுக்குக் கீழே என்றால் ஹெல்மெட் கட்டாயம், மணியும் இருக்க வேண்டும். ஒருவருக்கென்று செய்த சைக்கிளில் நம்மூர்போல் டபிள்ஸ் ஏற்றுவதும் சட்டப்படி பிழை.

ஐஈஎல்டிஎஸ்ஸுக்குப் பதிலாக செல்பிப் என்கிற கனடிய ஆங்கிலச் சோதனை எடுப்பவர்களுக்கு முன்னால் ஆள் இருக்காது, கணினியோடுதான் பேச வேண்டும். சொந்த அனுபவத்தைச் சொல்லச் சொல்கிற கேள்வி அதில் இரண்டாவதாக வரும். யோசிக்க 30 விநாடி, பேச 60 விநாடி. மானை அங்கேயும் கொண்டுபோகலாம், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் விழுந்து எழும்பிவிட வேண்டும்.