38,400 ரூபாய்க்கு 9 ஆண்டு: சங்கக் கையாடல் வழக்கில் தண்டனை எங்கே ஏறுகிறது?

பேரேடு (உசிலம்பட்டி)

வணக்கம். கூட்டுறவுக் கடன் சங்கக் கையாடல் வழக்குகளில் சட்டமும் கணக்கும் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். ஒரு மாதிரிக் கணக்கை வைத்தே கேட்கிறேன். எந்தச் சங்கத்தையும் எந்த ஆளையும் குறிப்பது அல்ல.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். எழுத்தர் ஒருவர் 2019, 2020, 2021 மூன்று ஆண்டிலும் உறுப்பினர்கள் கட்டிய தவணையில் ஆண்டுக்கு 4 என்று 12 ரசீதுகளை அன்றன்றே நாளேட்டில் (அன்றாட வரவு செலவுக் கணக்கேட்டில்) வைக்கவில்லை. ஒவ்வொன்றும் 3,200 ரூபாய். மொத்தம் 38,400. கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு விசாரணையில் வெளியே வந்தது. 87-இல் தண்டத்தீர்வை (இழப்பைக் கட்டச் சொல்லும் ஆணை) போட்டார்கள், வட்டியோடு முழுசாகக் கட்டிவிட்டார். அதற்கப்புறமும் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு ஆண்டுக்கு ஒன்றாக மூன்று குற்றப்பத்திரிகை போடுகிறது, எல்லாம் இந்தியத் தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 409 (நம்பிக்கை மோசடி), 477-ஏ (கணக்கைப் பொய்யாக்குதல்). நடுவர் நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கிலும் இரண்டு பிரிவுக்கும் தலா 3 ஆண்டு கடுங்காவல், தலா 5,000 அபராதம், கட்டத் தவறினால் தலா 3 மாதம் என்கிறது. ஒரு வழக்குக்குள் ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று இருக்கிறது. மூன்று வழக்குக்கும் நடுவில் அப்படி ஒரு வரியும் இல்லை. கூட்டினால் 9 ஆண்டு.

பல கோடி வாங்கிய பெருங்கடன்காரருக்கு வங்கியே ஒரே தவணையில் முடித்துக்கொள் என்று கடிதம் அனுப்புகிறது. இங்கே முழுப் பணமும் கட்டியவருக்கு ஏன் வாசல் இல்லை? தொகை ஏன் எங்குமே கணக்கில் வரவில்லை? எந்தக் கட்டத்தில் எதைச் செய்திருந்தால் இது குறைந்திருக்கும்?

ஒத்தக்கடை வாதம்

தொகை கணக்கில் வராததற்குக் காரணம் சட்டப்பிரிவு ஆளைப் பார்த்துப் பிரிக்கப்பட்டிருப்பதுதான். பணத்தைப் பார்த்து அல்ல. சாதாரண ஆள் நம்பிக்கை மோசடி செய்தால் 406, அதிகபட்சம் 3 ஆண்டு (இப்போது இ.த.ச.-வுக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ் 316(2)-இல் 5 ஆண்டு). எழுத்தர், வேலையாள் என்றால் 408, 7 ஆண்டு. பொது ஊழியர், வங்கியர், முகவர் என்றால் 409, ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை. 320 ரூபாயாக இருந்தாலும் 32 கோடியாக இருந்தாலும் அதே வரிதான்.

409 என்ற எண் விழுந்தவுடன் மூன்று கதவு சாத்திக்கொள்கிறது. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம் என்பதால் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விட முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 320 பட்டியலில் 406, 407, 408 மூன்றுக்கும் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் உண்டு. 409 அதில் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேச்சுவார்த்தை முறையும் 7 ஆண்டுக்கு மேற்பட்ட குற்றத்துக்குக் கிடையாது. 408 சரியாக 7 ஆண்டு என்பதால் இந்த மூன்றுக்கும் உள்ளே வரும். ஆகவே உண்மையான சண்டை 'எடுத்தாரா இல்லையா' என்பதில் மட்டும் இல்லை. 409-ஆ, 408-ஆ என்பதில் பாதி வழக்கு இருக்கிறது.

கூட்டுறவுச் சங்க ஆட்கள் இ.த.ச. 21-இல் சொல்லும் பொது ஊழியர் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் லால்ஜித் ராஜ்ஷி ஷா வழக்கில் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டம் அவர்களைப் பொது ஊழியராகவே கருத வேண்டும் என்று எழுதிவைத்திருந்தும் அது போதாது என்றது தீர்ப்பு. அரசுத் தரப்பு உடனே 'முகவர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதில், சம்பளப் பதிவேடும் பணி நியமன ஆணையும். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு செயலாளர் சொற்படி வேலை செய்யும் எழுத்தருக்கு 408-இன் வாசகமே பொருந்தும். இதைக் குற்றச்சாட்டு வனையும் நாளிலேயே எழுத்து மூலம் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டில் முதல்முறையாகச் சொன்னால் வலு பாதியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. செயலாளர், தலைவர் போன்ற நிர்வாகிகள் கதை வேறு. அரசு நிதியுதவி பெறும் சங்கமாக இருந்தால் ஊழல் தடுப்புச் சட்டம் 2(சி) அவர்களைப் பொது ஊழியர் என்கிறது. 13-ஆவது பிரிவில் மாட்டினால் குறைந்தபட்சமே 4 ஆண்டு. நீதிபதி மனது வைத்தாலும் கீழே இறக்க முடியாது.

தணிக்கைக்கண்

சட்டத்துக்கு முன்னால் அந்த 38,400 என்ற எண்ணைப் பிரியுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் குற்றப்பத்திரிகைத் தொகையும் பெட்டியில் உண்மையில் குறைந்த தொகையும் ஒன்றாக இருக்காது.

நடப்பது இதுதான். முதல் உறுப்பினர் 12-ஆம் தேதி 3,200 கட்டுகிறார். ரசீது கிழிக்கப்படுகிறது, நாளேட்டில் ஏறவில்லை. 27-ஆம் தேதி இரண்டாவது உறுப்பினர் 3,200 கட்டுகிறார். அந்தப் பணத்தை முதல் ஆள் பெயரில் வரவு வைத்து அடைக்கிறார்கள். இப்போது இரண்டாவது ஆள் கணக்கில் ஓட்டை. அதை மூன்றாவது ஆள் பணம் அடைக்கும். இப்படி 12 சுற்று ஓடினால் 12 ரசீதிலும் தேதி தவறும், கூட்டினால் 38,400. ஆனால் எந்த ஒரு நாளில் பெட்டியை எண்ணியிருந்தாலும் குறைவு 3,200 மட்டுமே. விசாரணை அறிக்கை எழுதுபவர் ரசீதுகளைக் கூட்டி எழுதிவிடுவார். அந்தக் கூட்டுத்தொகை அப்படியே முதல் தகவல் அறிக்கைக்குப் போகும், அங்கிருந்து தீர்ப்புக்கும் போகும்.

இதைக் காட்ட ஒரு பட்டியல் போதும்: ரசீது எண், அடிக்கட்டைத் தேதி, தொகை, நாளேட்டில் ஏறிய தேதி, இடைப்பட்ட நாட்கள், அன்றைய மாலை ரொக்க இருப்பு. ரசீது அடிக்கட்டை, நாளேடு, உறுப்பினர் கடன் பேரேடு, மத்திய கூட்டுறவு வங்கிக்குக் கட்டிய செலுத்துச்சீட்டு, இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிரப்புங்கள். ஆவணங்களை விசாரணைப் பிரிவு கைப்பற்றியிருக்கும். குற்றப்பத்திரிகையோடு தரும் நகலில் அடிக்கட்டை இருக்கும், மாலை இருப்பு உள்ள பக்கம் விடுபட்டிருக்கும். அந்தப் பக்கத்தைக் கேட்டு மனுப் போடாமல் குறுக்கு விசாரணைக்குப் போனால் தணிக்கையாளரிடம் கேட்க எதுவுமே இருக்காது.

இன்னொன்று, இரட்டை எண்ணிக்கை. அதே தொகை ஒருமுறை 'வரவு வைக்கப்படாத ரசீது' என்றும், மறுமுறை 'ரொக்க இருப்புக் குறைவு' என்றும் இரண்டு இனமாக அறிக்கையில் வரும். தண்டத்தீர்வை ஆணையிலேயே இதைப் பிடித்துவிட வேண்டும். கட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, எதிர்ப்பு எதுவும் எழுதாமல் முழுத்தொகையைக் கட்டினால், அதுவே தொகையை ஒப்புக்கொண்டதாகப் பின்னால் காட்டப்படும். கட்டும்போது 'ஆட்சேபத்துக்கு உட்பட்டு' என்று எழுதிக் கட்டுங்கள். ஆணையை எதிர்த்து கூட்டுறவுச் சங்கச் சட்டம் 152-இல் கூட்டுறவுத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு உண்டு.

சுழற்சியை நிரூபித்தால் விடுதலை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். தற்காலிகமாக வைத்திருந்தாலும் கையாடல் கையாடல்தான். அது தண்டனையின் அளவுக்கான வாதம்.

மேலூர் ஆயக்கட்டு

எல்லாரும் எழுத்தர் பக்கமே பேசுவதால் எதிர்ப்பக்கத்தையும் வைக்கிறேன். 3,200 சங்கத்துக்குச் சின்னத்தொகை. அதைக் கட்டிய உறுப்பினருக்கு அப்படி இல்லை. கட்டிய தவணை பேரேட்டில் ஏறவில்லை என்றால் அவர் தவணை தவறியவர். உரிய தேதிக்குள் கட்டும் பயிர்க்கடனுக்குக் கிடைக்கும் வட்டிச் சலுகை போய்விடும். அடுத்த போகத்துக்குக் கடன் கேட்டால் பாக்கி இருக்கிறது என்பார்கள். நகைக்கடன் என்றால் ஏல அறிவிப்பு வீட்டுக்கு வரும். கையில் ரசீது வைத்திருப்பவர் தப்பிப்பார்; மழையில் நனைத்துத் தொலைத்தவர் இரண்டாம் முறை கட்டுவார். வட்டியோடு பணம் சங்கத்துக்குத் திரும்பியது சரி. அந்த உறுப்பினருக்கு எது திரும்பியது?

தண்டனை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பெருங்கடன்காரர்களுக்கும் அதே சட்டம் பாய வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும்.

ஒத்தக்கடை வாதம்

மேலூர் அண்ணன் சொல்வது நியாயம். அதற்குச் சட்டத்தில் வழியும் இருக்கிறது: சிஆர்பிசி 357-இல் அபராதத்திலிருந்தே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு. நம் மாதிரிக் கணக்கில் 6 இனம் (3 வழக்கு, ஒவ்வொன்றிலும் 2 பிரிவு), தலா 5,000, மொத்தம் 30,000 அபராதம். அதில் ஒரு ரூபாய்கூட அந்த 12 உறுப்பினருக்கு இழப்பீடாகப் போகவில்லை. அரசுத் தரப்பு கேட்பதில்லை, அதனால் நீதிமன்றமும் எழுதுவதில்லை. 9 ஆண்டுச் சிறையைவிட அவர்களுக்குத் தேவைப்படுவது இது.

பெரியவர் கதையையும் அளந்தே சொல்ல வேண்டும். 2008-இல் நிகில் மெர்ச்சன்ட் வழக்கில், போலி ஆவணம் வைத்து நிறுவனக் கடன் வாங்கியதாக சிபிஐ போட்ட வழக்கை, வங்கியோடு சமரசம் ஆகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2012-இல் கியான் சிங் தீர்ப்பு, சமரசம் ஆக முடியாத பிரிவுகளையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்றது. ஆனால் பொது ஊழியர் தன் பணியில் செய்த குற்றத்துக்கு அது இல்லை என்று கோடு போட்டது. கவனியுங்கள்: கடன் வாங்கிய தொழிலதிபர் கோட்டுக்கு உள்ளே, சங்க எழுத்தர் 409 என்ற எண்ணால் கோட்டுக்கு வெளியே. 2014-இல் விக்ரம் அனந்த்ராய் தோஷி வழக்கில், வங்கியோடு சமரசம் என்பதற்காக ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றமே மறுத்ததும் உண்டு. ஆக, பெரியவருக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பது தவறு. தட்டிப் பார்க்க அவருக்கு ஒரு கதவு இருக்கிறது என்பது சரி.

ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் 8 சுற்றறிக்கை, வேண்டுமென்றே கடன் கட்டாதவர், மோசடி என்று வகைப்படுத்தப்பட்டவர் கணக்குகளிலும் வங்கி சமரசத் தீர்வு செய்துகொள்ளலாம் என்கிறது. குற்ற வழக்கு தனியாக நடக்கும். திவால் சட்டம் 32-ஏ, நிறுவனம் புதுக் கைக்கு மாறிவிட்டால் பழைய குற்றப் பொறுப்பிலிருந்து நிறுவனத்தை விடுவிக்கிறது. செய்த ஆட்களை விடுவிக்கவில்லை. 2025 நவம்பரில் ஸ்டெர்லிங் பயோடெக் விவகாரத்தில் 5,100 கோடி கட்டினால் குற்ற நடவடிக்கைகளை முடித்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் வழிவிட்டது, முன்னுதாரணம் ஆகாது என்ற குறிப்போடு. 38,400-ஐ வட்டியோடு கட்டியவருக்கு அப்படி ஒரு குறிப்பை யாரும் எழுதப்போவதில்லை. எனக்கு ஆறாதது இதுதான்.

இனி அந்த 9 ஆண்டு. ஒரு வழக்குக்குள் பல பிரிவு என்றால் சிஆர்பிசி 31. ஏககாலம் என்று எழுதாவிட்டால் ஒன்றன்பின் ஒன்று. ஆனாலும் நடுவருக்கு உள்ள 3 ஆண்டு அதிகாரத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. சிஆர்பிசிக்குப் பதிலாக வந்திருக்கும் புதிய பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 25, எது என்று நீதிமன்றமே சொல்லியாக வேண்டும் என்று மாற்றிவிட்டது, நல்லது. தனித்தனி வழக்கு என்றால் சிஆர்பிசி 427 (இப்போது பிஎன்எஸ்எஸ் 467). அங்கே அந்த இரு மடங்கு வரம்பு கிடையாது, எழுதாவிட்டால் அடுத்தடுத்துத்தான். ஆண்டுக்கு ஒரு குற்றப்பத்திரிகை வருவது சிஆர்பிசி 212(2)-ஆல்: கையாடலில் ஓராண்டுக்குள் உள்ள தொகைகளை மொத்தமாக ஒரே குற்றமாகக் காட்டலாம், அதற்கு மேல் நீட்ட முடியாது. மூன்றும் ஒரே தொடர்ச்செயல் என்று 220-ஐக் காட்டி ஒன்றாக விசாரிக்கக் கேட்கலாம். தணிக்கைக்கண் சொன்ன சுழற்சிப் பட்டியல் இங்கேதான் உயிர்: 2019 டிசம்பர் ஓட்டையை 2020 ஜனவரிப் பணம் அடைத்திருந்தால் இரண்டு ஆண்டும் ஒரே சங்கிலி. சேர்த்து விசாரிக்க மறுத்தாலும், மூன்று வழக்கையும் ஒரே நாளில் தீர்ப்புக்கு வைக்கக் கேளுங்கள். இரண்டாவது, மூன்றாவது தீர்ப்புகளில் '427-இன்படி ஏககாலத்தில்' என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

பேரேடு (உசிலம்பட்டி)

தெளிவாகிவிட்டது, நன்றி. தீர்ப்பு வந்து, ஆள் மதுரை மத்தியச் சிறைக்குள் போய்விட்டார், அந்த வரி இல்லை என்று வையுங்கள். அப்புறம் என்ன வழி? தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்டால் கிடைக்குமா?

ஒத்தக்கடை வாதம்

விசாரணைக் காலம் முழுக்க ஜாமீனில் இருந்து, தண்டனை 3 ஆண்டைத் தாண்டாமல் இருந்தால், தீர்ப்பன்றே சிஆர்பிசி 389(3)-இல் அதே நடுவரிடம் நிறுத்திவைக்கக் கேட்கலாம். மூன்று வழக்கிலும் மூன்று மனு. இரண்டில் வாங்கி ஒன்றை விட்டால் அந்த ஒன்றுக்காக உள்ளே இருக்க வேண்டும். அமர்வு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு 30 நாளுக்குள், அதுவும் மூன்று. உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டு மனு கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஏககாலக் கோரிக்கையை மேல்முறையீட்டிலேயே வையுங்கள். காலம் தாண்டிவிட்டது என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், அதன் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கேட்டு, பிஎன்எஸ்எஸ் 528 மனு.

இரண்டு விஷயத்தில் தவறிவிடுவார்கள். ஒன்று, காவலில் இருந்த நாட்களைக் கழிப்பது. முதல் வழக்கில் 40 நாள் ரிமாண்டில் இருந்தபோது மற்ற இரண்டிலும் முறைப்படி கைது காட்டப்படாவிட்டால் அந்த 40 நாள் முதல் வழக்குக்கு மட்டுமே கழியும். மூன்று சிறை வாரண்டிலும் நாட்கள் ஏறியிருக்கிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள்.

இரண்டு, அபராதம். ஏககாலம் கிடைத்தாலும், அபராதம் கட்டாததற்கான சிறை அதில் அடங்காது என்று 2013-இல் வி.கே. பன்சால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 6 இனம், தலா 3 மாதம், 18 மாதம் தனியாக நிற்கும். கையில் 30,000 முழுசாக இல்லையென்றால் 10,000 திரட்டி ஒரு வழக்கின் இரண்டு இனத்தையும் முதலில் கட்டுங்கள், அந்த 6 மாதம் போகும். கட்டிய சலான் நகல் சிறை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.