மூன்று வைரம் போட்ட வண்டியும் மறக்க முடியாத ஒரு சந்திப்பும்

திருவள்ளூர் லான்சர், சென்னை

மிட்சுபிஷி லான்சர் கார் வைத்திருப்பவர்களுக்கு, பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பின்கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டருக்காகப் போன மாதம் அங்கே போயிருந்தேன். என்னுடையது 1999 மாடல், 2.0 டீசல். மூன்று கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. நாலாவது கடைக்காரர், "கொஞ்சம் நில்லுங்க சார், ஒரு லான்சர் இப்பதான் உள்ளே வந்திருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தால் என் வண்டியின் அதே நிறம், பானெட்டில் ஒரு கீறல் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டு டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். "இவரும் லான்சர்தான் வச்சிருக்கார்" என்று கடைக்காரர் சொன்னதும் இறங்கி வந்து என்னிடம், "ஓடுதா?" என்று கேட்டார்.

"தினமும் ஓடுது சார்."

கையில் இருந்த இரண்டு நோட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டார். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு முறை டீசல் போட்டதும் தேதி, லிட்டர், ஓடிய கிலோமீட்டர், எல்லாம் நீல மையில். எந்த ஆயில், எந்த ஃபில்டர், என்றைக்கு மாற்றியது என்பது சிவப்பு மையில். கடைசி வரியை அங்கேயே நின்று படித்தேன். அன்றைய தேதி போட்டு, டீசல் 5 லிட்டர் என்று இருந்தது. புதுப்பேட்டை வந்து சேர அது போதும்.

அவர் பேரைக் கேட்கத் தோன்றவில்லை. அவருடைய ரெகுலேட்டர்தான் இப்போது என் பின்கதவில் இருக்கிறது. கண்ணாடியை இறக்கும் போதெல்லாம் அந்த 5 லிட்டர் நினைவுக்கு வருகிறது.

1998ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் லான்சரைச் செய்ய ஆரம்பித்தபோது எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. அதுவரை அந்தக் கம்பெனி என்றால் எங்களுக்கு அம்பாசடர்தான். அதே ஆலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. வண்டி போய்விட்டது, வைத்திருப்பவர்கள் மட்டும் மிச்சம் இருக்கிறோம். உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருந்தால் எழுதுங்கள்.


முறிகண்டி டெலிகா, ரொறன்ரோ

2012ல் என் மச்சானின் கலியாணம். வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவுப் பயணம், மிட்சுபிஷி எல் 300 டெலிகா வான், நாங்கள் பதினொரு பேர். காலை பத்தரைக்கு முகூர்த்தம். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் (வேர்க்கடலை) வாங்கிக்கொண்டு ஏறினோம். ஒரு கிலோமீட்டர் போயிருக்காது, எஞ்சினுக்குள் பெரிய சத்தம் கேட்டது. அதோடு நின்றுவிட்டது.

டெலிகாவின் 4டி56 எஞ்சினில் இரண்டு பெல்ட் இருப்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெரியது வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட், உள்ளே சின்னதாக, அதிர்வைக் குறைப்பதற்கான பேலன்சர் பெல்ட். சின்னது அறுந்து பெரியதில் சிக்கிவிட்டது. வானை விற்ற கொழும்புக் கராஜ், இரண்டும் புதிது என்று சொல்லித்தான் டிரைவர் அண்ணையிடம் கொடுத்திருக்கிறது. பிறகு திறந்து பார்த்தபோது பெரியது மட்டும்தான் புதிது.

அதிகாலை நாலரை மணி. வழியால் வந்த இன்னொரு வானை மறித்து, கூறைத் தட்டையும் எங்களையும் டிரைவர் அண்ணைதான் ஏற்றிவிட்டார். முகூர்த்தத்துக்கு நேரத்தோடு போய்விட்டோம். அவர் தன் வானோடு அங்கேயே நின்றுவிட்டார்.

மூன்றாம் நாள் திரும்பி வரும்போது வான் அதே இடத்தில் நின்றது. கொழும்பில் இருந்து சாமான் வரவில்லையாம். கதவைத் திறந்து வைத்துவிட்டு நடுச் சீட்டில் படுத்திருந்தார். டேஷ்போர்டு முழுக்கக் காலியான கச்சான் கடதாசிச் சரைகள். எழும்பி வந்து எங்களிடம் முதலில் கேட்டது, "கலியாணம் நல்லா நடந்ததோ?"

எங்கள் வண்டியின் பின்பக்கம் இரண்டு பலகாரப் பெட்டிகள் இருந்தன. ஒருவருக்கும் எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை. காசு கொடுத்தோம், கை காட்டினோம், வந்துவிட்டோம். மாங்குளம் தாண்டித்தான் எனக்கு அது உறைத்தது. அப்போதும் திருப்பச் சொல்லி நான் வாய் திறக்கவில்லை.


பஜேரோ ஸ்போர்ட் 2.5, நாமக்கல்

என் அனுபவம் சின்னது. கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு, நல்ல மழை. நாற்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. கயிறு கட்டி, ஃபோர் வீல் லோவில் போட்டு இழுத்து ஓரம் தள்ளினேன். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்த ஒரு பாட்டி இறங்கி வந்து பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

மேலே டெலிகா பற்றி எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். விற்றவர் மீது உங்களுக்கு வருத்தம் இருப்பது நியாயம். ஆனால் வாங்கும் நாளிலேயே கவரைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். பழைய 4டி56 வாங்குகிற எல்லோரும் இதைக் கவனமாகப் படியுங்கள்.

நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை ஒரு அதிர்வு வரும். பெரிய எஞ்சினில் அது இருக்கை வரைக்கும் தெரியும். அதைக் கொல்ல, கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிர் திசையில் சுற்றும் இரண்டு தண்டுகளை வைப்பார்கள். யோசனை இங்கிலாந்துக்காரர் லான்செஸ்டருடையது. 1970களில் அதைச் செம்மைப்படுத்தி ஓடும் வண்டிகளில் பரவலாகக் கொண்டுவந்தது மிட்சுபிஷிதான், சைலன்ட் ஷாஃப்ட் என்று பெயர். போர்ஷே கம்பெனியே தன் 944 காருக்கு உரிமம் வாங்கிப் பயன்படுத்தியது என்றால் அந்த வேலையின் தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்டைச் சுற்ற வைப்பதுதான் உள்ளே இருக்கும் சின்ன பெல்ட். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மெக்கானிக்குகள் பெரியதை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள்.

நான் 80,000 கிலோமீட்டருக்கே இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவேன். கூடவே டென்ஷனர் இரண்டு, முன்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப். சீல் ஒழுகி ஆயில் பட்டால் புது பெல்ட்டும் நிற்காது. மாற்றிய பிறகு கழற்றிய இரண்டு பெல்ட்டையும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஒன்றைத்தான் காட்டினால் பணம் கொடுக்காதீர்கள். தேதியும் கிலோமீட்டரும் பானெட்டுக்கு உள்பக்கம் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். பஜேரோ வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.


நீலகிரி எஸ்.எஃப்.எக்ஸ்

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், கடைசி வரியைத் திருத்துங்கள். நம் நாட்டில் 2002 முதல் விற்ற பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ்ஸில் இருப்பது 2.8 லிட்டர் 4எம்40 எஞ்சின். அதில் டைமிங் செயின். பெல்ட் கிடையாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வண்டி வாங்கிய புதிதில், "பஜேரோவா, முதலில் டைமிங் பெல்ட்டை மாற்று" என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மலைக்குக் கீழே ஒரு பட்டறையில் விட்டேன். மூன்று நாள் வைத்திருந்து பெல்ட் கிட், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் பில் கொடுத்தார்கள். கட்டிவிட்டு நிம்மதியாக ஓட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு இடத்தில் ஆயில் கசிவுக்காக நிறுத்தியிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் பையனுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். பழைய பில்லைக் காட்டி, பெல்ட் மாற்றியாகிவிட்டது தம்பி என்றேன். அவன் பில்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே அடித்துக் காட்டினான். செயின் ஆயிலில் நனைந்து பளபளவென்று இருந்தது. "அண்ணா, இதுல பெல்ட்டே கிடையாதுண்ணா" என்று மெதுவாகச் சொன்னான், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

பணம் போனது வலித்தது, ஆனால் அது ஆறிவிட்டது. அந்தப் பையன் குரலைத் தாழ்த்தினானே, அதை நான் மறக்கவில்லை. என் வண்டி இப்போது வருஷக்கணக்காக அவனிடம்தான் போகிறது.


ஹட்டன் பக்கம்

எங்களுக்குத் தோட்டத்தில் மிட்சுபிஷி என்றால் ஜீப்தான். அமெரிக்க வில்லிஸிடம் உரிமம் வாங்கி 1953 முதல் 1998 வரை ஜப்பானில் செய்தார்கள். 4டிஆர்5 டீசல் என்றால் மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்காவுக்கு இடுப்பு வலி எடுத்த ராத்திரி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் வரைக்கும் ஏறி வந்தது அது ஒன்றுதான். பின்னால் பலகை சீட், அக்கா என் மடியில், கீழே நாலு சாக்கு மடித்துப் போட்டிருந்தோம். குழி வரும்போதெல்லாம் ஓட்டியவர் "இப்ப ஒண்ணு வருது தாயி" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே வந்தார். டவுன் வரைக்கும் ஒரு குழியைக்கூட அவர் சொல்லாமல் விடவில்லை.


தைப்பிங் சாகா, மலேசியா

லான்சர் என்று தெரியாமலே லான்சர் ஓட்டியவர்கள் நாங்கள். 1983ல் எங்கள் தேசியக் கார் கம்பெனி புரோட்டான் தொடங்கியபோது அதில் 30 சதவீதம் மிட்சுபிஷி குழுமத்துக்கு. 1985 ஜூலையில் வந்த சாகா, லான்சர் ஃபியோரேயை வைத்துச் செய்தது. அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறந்தபோது அன்றைய பிரதமர் மகாதீர் சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். அந்தப் படத்தை என் அப்பா பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தார்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். எங்கள் வீட்டின் முதல் கார் சாகா 1.3. "நம்ம நாட்டு வண்டி" என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அதில்தான் தண்ணீர்மலைக்குப் போவோம்.

ஒருநாள் பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அப்பா ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, கட்டை விரலால் கிரீஸைத் துடைத்தார். அடியில் மிட்சுபிஷியின் சின்னமான மூன்று வைரம் அச்சாகியிருந்தது. இன்னொன்றை எடுத்துத் துடைத்தார். அதிலும் அதே. எனக்கு அப்போது பதினாறு வயது, பாடப் புத்தகத்தில் படித்தவன். "இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?" என்று மெக்கானிக் முன்னாலேயே சிரித்துவிட்டேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பாகத்தையும் துடைத்தபடியே பெட்டியில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்தக் காரை ஓட்டினார், ஆனால் "நம்ம நாட்டு வண்டி" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்கவில்லை.


குராஷிகியில் ஆறு வருடம்

எல்லோரும் வண்டியை மட்டும் பேசுகிறீர்கள், செய்தவர்களின் கணக்கையும் எழுத வேண்டும். 1977 முதல் வாடிக்கையாளர் புகார்களை மிட்சுபிஷி அரசுக்குக் காட்டாமல் மறைத்து வைத்தது 2000ல் வெளியே வந்தது. 2002ல் யோகோஹாமாவில் லாரிச் சக்கரம் கழன்று ஓடி, நடந்து போன ஒரு தாயின் உயிரை எடுத்தது. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் குறை என்று ஒப்புக்கொள்ள 2004 ஆனது. 2016 ஏப்ரலில், 6,25,000 சின்ன கார்களின் எரிபொருள் கணக்கைப் பொய்யாகக் காட்டியதாக அவர்களே சொன்னார்கள். அதில் பெரும்பகுதி நிசான் பெயரில் விற்றவை. அந்த ஆண்டு அக்டோபரில் 34 சதவீதப் பங்கு நிசான் கைக்குப் போனது.

அந்த ஏப்ரலில் நான் ஓகயாமா மாநிலம் குராஷிகியில் இருந்தேன், உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன தொழிற்சாலையில் வேலை. அந்தக் கார்களைச் செய்யும் மிசுஷிமா ஆலை பக்கத்திலேயே. அங்கே வரிசை நின்றதும் எங்களுக்கும் வேலை இல்லை. ஜூலையில்தான் திரும்ப ஓடியது.

என் அடுத்த வீட்டுப் பெரியவர் மிசுஷிமாவில் ஓய்வு பெற்றவர். விமான ஆலையாக இருந்ததைப் போருக்குப் பிறகு மாற்றி மூன்று சக்கர வண்டி செய்தார்களே, அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே பதினைந்து வயதில் உள்ளே போனவர். செய்தி வந்த மறுநாள் காலை, குப்பைப் பையை வைக்கும் இடத்தில் என்னைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர் ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் பதிலுக்குக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார்.


ராலி ரசிகன், பெங்களூரு

குராஷிகி நண்பர் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அதே கம்பெனியின் லான்சரில்தான் கென்யாவின் ஜோகிந்தர் சிங் 1974லும் 1976லும் சஃபாரி ராலியை வென்றார். 1976ல் முதல் மூன்று இடமும் லான்சருக்கே. டாக்கர் பாலைவன ராலியில் பஜேரோ 12 முறை வென்றது, 2001 முதல் 2007 வரை தொடர்ந்து ஏழு. அந்தச் சேறு, அந்த மணல், அந்த வெயில் எல்லாவற்றையும் தாங்கியது வண்டிதான். நிர்வாகத்தின் தப்பை வண்டியின் தலையில் கட்டக் கூடாது.


குராஷிகியில் ஆறு வருடம்

நான் வண்டியின் தலையில் கட்டவில்லை நண்பரே. வரிசையில் நின்று வேலை செய்தவர் தலையில் அது விழுந்ததைத்தான் எழுதினேன்.


முறிகண்டி டெலிகா, ரொறன்ரோ

நாமக்கல் ஐயாவுக்கு நன்றி, பெல்ட் விஷயத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் விற்றவர் மீது எனக்கு வருத்தம் இல்லை ஐயா. நான் எழுதியது அந்தப் பலகாரப் பெட்டியைப் பற்றி.

தையில் ஊருக்குப் போகிறேன். டிரைவர் அண்ணையின் வீடு சாவகச்சேரிப் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும். பழைய வெள்ளை டெலிகா, முன் கண்ணாடியின் இடது மூலையில் முறிகண்டிப் பிள்ளையார் படம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது அந்த வானைக் கண்டால், இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் எழுதுங்கள்.