ஐந்து கம்பி பேஸ் கிட்டாருக்கு அகல ஸ்ட்ராப்: நியோப்ரீனில் தைக்கலாமா?

ஐந்துகம்பி:
பேஸ் எடை 4.6 கிலோ. இப்போது இருப்பது 2 இஞ்ச் நைலான் ஸ்ட்ராப். முக்கால் மணி நேரத்தில் கழுத்தோரம் அறுக்க ஆரம்பித்துவிடுகிறது. பை தைக்கும் கடையில் கொடுத்துப் புதிதாக ஒன்று தைக்க எண்ணம்: 4 இஞ்ச் அகலம், முழு நீளத்துக்கும் 6 மி.மீ. நியோப்ரீன், மேலே கேன்வாஸ். சரிவருமா? கிட்டார் பட்டனில் மாட்டும் முனைத் தோலில் ஓட்டை எப்படிப் போடுவது? இன்னொன்று, கையை எடுத்தால் ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) மெல்லக் கீழே இறங்குகிறது. அதையும் ஸ்ட்ராப்பிலேயே சரிசெய்ய முடியுமா?

தோல்பட்டறை:
நியோப்ரீனை எடை தாங்க விடாதீர்கள். அது ரப்பர், இழுத்தால் நீளும். மாட்டிப் பார்க்கும்போது சொகுசாகத்தான் இருக்கும். எழுந்து நடந்தால் கிட்டார் ஊஞ்சலாடும், இடது கை அதைப் பிடித்து நிறுத்தவே சோர்ந்துபோகும். எடையைத் தாங்க நீளாத நாடா ஒன்று முனையிலிருந்து முனைவரை ஓடணும். மெத்தை மெத்தையாக மட்டும் இருக்கட்டும்.

அகலத்தை இரட்டிப்பாக்கினால் அழுத்தம் பாதியாகும் என்பது ஏட்டுக் கணக்கு. தோள் சமதரை இல்லையே, கழுத்திலிருந்து வெளியே சரிகிறது. அதன்மேல் விறைப்பான நேர்ப்பட்டையைப் போட்டால் கழுத்துப் பக்க விளிம்பு மட்டும் பதியும், மறு விளிம்பு அந்தரத்தில் நிற்கும். அறுப்பது அந்த ஒரு விளிம்புதான். 4 இஞ்ச் வைத்தால் அது இன்னும் கழுத்தை நெருங்கும். 3¼ முதல் 3½ இஞ்ச் போதும்.

மெத்தைப் பகுதியை நேராக வெட்டாமல் பிறை மாதிரி வெட்டுங்கள். 55 செ.மீ. நீளத்துக்கு நடுவில் 3 செ.மீ. வளைவு, குழிந்த பக்கம் கழுத்தை நோக்கி. முதுகில் வலது இடுப்பிலிருந்து ஏறி, இடது தோளைத் தாண்டி, முன்னால் மறுபடி நடுவை நோக்கித்தான் ஸ்ட்ராப் இறங்குகிறது. அதனால் வளைவு அந்தப் பக்கம். இடக்கைக்காரருக்கு அப்படியே திருப்பி வெட்டணும்.

அடுக்கு, மேலிருந்து கீழ்:
– 50 மி.மீ. பாலியெஸ்டர் நாடா, மொத்தம் 1.6 மீட்டர். (கார் சீட் பெல்ட் நாடாவும் பாலியெஸ்டர்தான், ஆனால் வழுவழுப்பு, பக்கிளில் நழுவும்.)
– 1.2 மி.மீ. தோல், முழு அகலத்துக்கு.
– 5 மி.மீ. மூடிய துளை ஈ.வி.ஏ. ஃபோம், எல்லாப் பக்கமும் தோலைவிட 7 மி.மீ. உள்ளே.
– உடம்பில் படும் பக்கம் ஸ்வேட் (பஞ்சுபோன்ற மேற்பரப்புள்ள, நழுவாத தோல்).

இரண்டாவது அடுக்குத் தோலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நாடா இருக்கும் 2 இஞ்ச் மட்டும் அழுந்தி, இரு ஓரமும் தோசை மடித்த மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும். அகலமாகத் தைத்தும் பழைய 2 இஞ்ச் ஸ்ட்ராப்பே மிஞ்சும். ஃபோமை உள்ளே தள்ளி வைப்பது, விளிம்பில் தோலும் ஸ்வேட்டும் மட்டும் சேர்ந்து தளர்வாக மடங்கட்டும் என்பதற்காக. அங்கே பைப்பிங் (விளிம்பில் உருட்டித் தைக்கும் பட்டி) வைக்காதீர்கள். அழகாக இருக்கும், அரை மணியில் கயிறு மாதிரி அறுக்கும்.

லோஎண்ட்:
@தோல்பட்டறை ஃபோம் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. எடை நாடாவில் ஏறிவிட்டால் நியோப்ரீன் நீள இடமே இல்லை, 4 மி.மீ. தாராளமாக வைக்கலாம். ஈ.வி.ஏ. தோள் வளைவுக்கு அவ்வளவு சுலபமாகப் படியாது. கடினமான ரகம் வாங்கினால் செருப்பு அட்டையைத் தோளில் வைத்த கதைதான். விரலால் அழுத்தினால் பாதிக்குமேல் இறங்குகிற மெத்தென்ற ரகமாகப் பார்த்து எடுக்கணும்.

முனைக்கு 3 முதல் 3.5 மி.மீ. தாவரப் பதனத் தோல். சென்னையில் இருந்தால் பெரியமேட்டில் துண்டுத் தோலாகவே கேட்டுப் பாருங்கள். மெல்லிய தோலை இரண்டாக ஒட்டினால் வியர்வையில் ஒட்டு விட்டுவிடும்.

ஓட்டையின் விட்டம் பட்டனின் கழுத்து அளவுதான், தலை அளவு இல்லை. அதிலிருந்து ஒரு கீறல், பட்டன் தலை சிரமப்பட்டு நுழையும் நீளத்துக்கு. கீறல் ஸ்ட்ராப்பின் உள்பக்கம் நோக்கிப் போகணும். எடை ஏறினால் பட்டன் முனைப் பக்கச் சுவரில்தான் சாயும். கீறலையும் அங்கேயே போட்டால் பட்டன் தானாக அதில் வழுக்கிக் கழன்றுவிடும். கீறல் முடிவில் 2 மி.மீ. துளை, அப்போதுதான் மேலே கிழியாது. ஓட்டைக்கு வெளியே 15 மி.மீ. தோலாவது மிச்சம் இருக்கட்டும்.

நாடாவும் தோலும் சேரும் இடத்தில் பெட்டியும் உள்ளே பெருக்கல் குறியுமாகத் தையல், பாண்டட் நைலான் நூல், 18ஆம் நம்பர் ஊசி, 3 மி.மீ. இடைவெளி. தையலைப் பொடியாகப் போட்டால் தோல் ஸ்டாம்ப் மாதிரி வரிசையாகக் கிழியும். சாதாரணத் தையல் மெஷின் இந்தக் கனத்துக்கு வராது. செருப்பு, பெட்டி தைக்கும் மெஷின் வேண்டும்.

ஐந்துகம்பி:
நன்றி இருவருக்கும். அப்போ 3½ இஞ்ச், பிறை வடிவம். நீளத்தை எப்படி முடிவு செய்வது? ஹெட்ஸ்டாக் இறங்குவதற்கு ஸ்வேட் போதுமா?

மரக்கழுத்து:
நீளத்துக்கு முதலில் பழைய ஸ்ட்ராப்பை வாசிக்கும் உயரத்தில் வைத்து, ஓட்டையிலிருந்து ஓட்டைவரை அளந்துகொள்ளுங்கள். பிறகு மாட்டியபடியே தோள் உச்சி படும் இடத்தில் சாக்பீஸால் கோடு.  அந்தக் கோட்டிலிருந்து மெத்தை முன்னால் 22 செ.மீ., பின்னால் 33 செ.மீ. என்று பிரியட்டும். முதுகுப் பக்கம்தான் தூரம் அதிகம். பக்கிள் இரும்பு, முதுகுப் பக்கம், மெத்தை முடிந்து ஒரு சாண் கீழே. முன்னால் வைத்தால் அது கிட்டாரின் உடம்பைக் கீறும்.

ஸ்வேட் ஹெட்ஸ்டாக்கைப் பிடித்து வைக்கும், சரிசெய்யாது. சரியும் எடை சட்டை வழியாகத் தோளையே இழுக்கும். கையை எடுத்தாலும் ஹெட்ஸ்டாக் நிற்கிறது, ஆனால் சட்டை காலர் இடப்பக்கம் நகர்கிறது என்றால் அதுதான் நடக்கிறது. கொம்பு பட்டன் (கிட்டார் உடம்பின் மேல் கொம்பு நுனியில் ஸ்ட்ராப் மாட்டுவது) 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக வந்தால் பொதுவாக நிற்கும். உடம்புப் பக்கம் தள்ளி இருந்தால் (கிப்சன் தண்டர்பேர்டு பேஸ் இதற்குப் பேர் போனது) கழுத்து சாயும். 34 இஞ்ச் ஸ்கேலில் (நட் எனும் தலைப்பக்கக் கட்டையிலிருந்து உடம்பிலுள்ள பிரிட்ஜ்வரை கம்பி நீளம்) 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து நட் 17 இஞ்ச், ட்யூனர்கள் அதற்கும் அப்பால். இலகு ட்யூனரால் அங்கே 150 கிராம் குறைந்தால், தோராயமாக பிரிட்ஜ் பக்கம் 200 கிராம் கட்டித் தொங்கவிட்ட பலன். மொத்த எடையும் குறையும். ஸ்ட்ராப் தைக்கிற காசில் பாதியை இதற்கு ஒதுக்கலாம் என்பேன்.

பட்டன் ஸ்குரூ லூஸாக இருந்தால் ஓட்டையில் ஃபெவிகால் தடவிய தீக்குச்சி இரண்டு சொருகி, ஒரு ராத்திரி காயவிட்டுத் திருகுங்கள்.

லோஎண்ட்:
ஒன்று விட்டுப்போச்சு. கிட்டார் நைட்ரோ லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு என்றால் நியோப்ரீன் ஸ்ட்ராப்பை அதன்மேல் சுற்றிப் பெட்டியில் மூடி வைக்காதீர்கள். ரப்பர் பட்ட இடத்தில் பூச்சு இளகித் தடம் விழும். கழற்றித் தனியாகப் போடுங்கள்.